கூட்டமாக மலையேறும் பழைய கார்கள்: நம் ஆட்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

போன மாதம் கேமரன் மலைக்கு ஏறும் தாப்பா மலைப்பாதையில், லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ஒரு தம்பி தன் 1974 டொயோட்டா செலிக்காவின் போனட்டைத் தூக்கிவைத்துவிட்டு ஓரமாக நின்றிருந்தார். உள்ளேயிருந்து ஆவி புசுபுசுவென்று வந்துகொண்டிருந்தது. இறங்கிப் போய் என்ன ஆச்சு என்று கேட்டேன். "இன்னும் கொஞ்ச தூரம்தானேன்னு ஓட்டிட்டேன் அண்ணே" என்றார். எனக்குப் பகீரென்றது. 2003-ல் என் எம்ஜிபி ஜிடி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) இதே பாதையில் நின்றபோது நானும் இதே வார்த்தையைத்தான் சொன்னேன்.

நாங்கள் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் ஆட்கள். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர், இப்போது செம்பனை (எண்ணெய்ப்பனை). தோட்டத்திலும் பட்டறையிலும் வேலை பார்த்துச் சேர்த்த காசில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்கி, மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் சரிசெய்து, வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை ஒன்றாகக் கிளம்புவோம். காலை ஆறரைக்குப் பட்டணத்தில் பசியாறிவிட்டுப் பழைய சாலையிலேயே செம்மோர், ஈப்போ, கோப்பெங், கம்பார், தாப்பா. அங்கிருந்து இடது பக்கம் திரும்பிக் கேமரன் மலை. ஒவ்வொரு முறையும் புதிதாக இரண்டு மூன்று பேர் சேர்கிறார்கள், நான் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்கிறார்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தண்ணீர் பார், ஆயில் பார், டயரில் காற்று பார் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அது எல்லாருக்கும் தெரியும்.

கடைசி வாரத்தில் எதையும் கழற்றாதீர்கள்

பயணம் சனிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். வேலை ஒழுங்காகவே முடிந்திருக்கும். ஆனால் புதிதாகப் போட்ட சாமான் எதுவும் முதல் நூறு கிலோமீட்டரில்தான் தன் குறையைக் காட்டும். அந்த நூறு கிலோமீட்டரை உங்கள் ஊர்ச் சாலையில் ஓட்டிப் பாருங்கள், தாப்பா மலையில் வேண்டாம். இப்போது விற்கிற புது கண்டென்சர்கள் (பிளக்கில் தீப்பொறி சரியாக வர உதவும் சின்னச் சாமான்) பல, பெட்டியைப் பிரித்துப் போட்ட வாரமே செத்துப்போகின்றன. ஓடிக்கொண்டிருக்கும் பழையதைக் கழற்றிப் புதியதைப் போட்டால், அந்தப் பழையதைத் தூக்கி எறியாமல் காரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

டயர்

பூவை, அதாவது தரையைத் தொடும் வரிப்பள்ளங்களை, பார்த்தால் போதாது, பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 0814 என்றால் 2014-ஆம் வருடம் எட்டாவது வாரம் செய்தது. ரப்பர் பழசாகிவிட்டது, கழற்றுங்கள்.

ஊசி ஏறுகிறது, ஆனாலும் நிற்க மாட்டேன் என்பது

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

தனியாகப் போகும்போது வெப்பமானியின் ஊசி கொஞ்சம் ஏறினாலே ஓரம் கட்டி நிற்கிற ஆள், பத்துப் பன்னிரண்டு காரோடு போகும்போது மட்டும் நிற்பதில்லை. முன்னால் போகிறவர்கள் போய்விடுவார்கள், தன் காரைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், எல்லாரும் தனக்காகக் காத்திருக்க வேண்டும் என்ற கூச்சம். மிதியை மிதித்துக்கொண்டே போகிறார். அந்தக் கூச்சம்தான் எஞ்சினைக் கொல்கிறது. இருபது வருடத்துக்கும் மேலாக இதையே பார்த்துவருகிறேன், இன்னும் எனக்குக் கோபம் வருகிறது.

தாப்பாவிலிருந்து கேமரன் மலைமேல் இருக்கும் தானா ராத்தா ஏறக்குறைய 60 கிலோமீட்டர். முழுக்க வளைவு, கிட்டத்தட்ட 1,400 மீட்டர் ஏற்றம். முன்னால் ஒரு லோரி போனால் இரண்டாவது கியரில் இருபது இருபத்தைந்தில் ஊர வேண்டும். அந்த வேகத்தில் ரேடியேட்டருக்குள் காற்று புகாது, எஞ்சினோ முழு பாரத்தையும் இழுத்துக்கொண்டிருக்கும். ஐம்பது வருட ரேடியேட்டரில் கீழ்ப்பக்கக் குழாய்கள் பாதி அடைத்திருக்கும். கம்பார் வரை சமவெளியில் ஓடியபோது அது தெரியவே தெரியாது.

இதோடு வரிசையின் கணக்கு ஒன்று இருக்கிறது. முன்னால் போகிறவர் லோரியை முந்திக்கொண்டு போய்விடுவார். இரண்டாமவர் இடம் கிடைக்கும்வரை காத்திருந்து முந்துவார், பிறகு அவரைப் பிடிக்க விரட்டுவார். மூன்றாமவர் இன்னும் கொஞ்சம் விரட்டுவார். பன்னிரண்டாவது காருக்கு வரும்போது, முதல் கார் 60-ல் நிம்மதியாகப் போகிற சாலையில் அவர் உயிரைக் கொடுத்து ஓட்டிக்கொண்டிருப்பார். அந்தப் பன்னிரண்டாவது இடத்தில் யார் இருப்பார் என்று நினைக்கிறீர்கள்? புதிதாக வந்தவர்தான். கூச்சப்பட்டு அவரே பின்னால் போய்விடுவார். கூட்டத்திலேயே அதிகம் சோதிக்கப்படாத கார், மிகக் கஷ்டமான இடத்தில்.

அந்தத் தம்பிக்கு நடந்ததைச் சொல்கிறேன். அருவிக்கு முன்பே ஊசி முக்கால் வரை ஏறியிருக்கிறது. அங்கே கடைகள் உண்டு, நிறுத்த இடம் உண்டு. நாங்களும் அங்கே நின்று தே குடித்திருக்க வேண்டியது, ஆனால் அன்று நேரமாகிவிட்டது என்று முன்னால் போனவர்கள் நிற்காமலே போய்விட்டார்கள். இதில் ஏற்பாடு செய்த எங்கள் தவறும் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. இவரும் தொடர்ந்து ஏறியிருக்கிறார். சிவப்பைத் தொட்ட ஊசி திடீரென்று மளமளவென்று கீழே இறங்கியிருக்கிறது. அப்பாடா, சரியாகிவிட்டது என்று நினைத்து இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார்.

இந்த இடத்தைத் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள். சிவப்பிலிருந்த ஊசி ஏற்றத்தில் தானாக இறங்கினால் எஞ்சின் குளிர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வெப்பத்தை அளக்கும் முனை தண்ணீரில் நனைந்திருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் வெளியேறி அந்த முனையைச் சுற்றி வெறும் ஆவியோ காற்றோ நின்றால் ஊசி இறங்கிவிடும். அந்த நேரத்தில் எஞ்சினுக்குள் போதுமான தண்ணீரே இருக்காது. 2003-ல் நான் ஏமாந்ததும் இதே இடத்தில்தான்.

செலிக்காவின் 1.6 எஞ்சினில் அடிப்பாகம் இரும்பு, மேலே சிலிண்டர் ஹெட் அலுமினியம். அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும். தண்ணீர் இல்லாமல் கொதித்தால் ஹெட் வளைந்துபோகும், நடுவில் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைத்துவைக்கும் கேஸ்கெட் பிய்த்துக்கொள்ளும். அன்று சாயங்காலம் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தோம். பால் விட்ட காப்பி நிறத்தில் வழவழவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. அந்தத் தம்பி குச்சியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். யாரும் ஒன்றும் பேசவில்லை.

இழுவை லோரி, ஹெட்டைச் சீவிய கூலி, கேஸ்கெட், ஆயில், ஃபோர்மென் (மெக்கானிக்) கூலி எல்லாம் சேர்த்து 3,200 வெள்ளி (ரிங்கிட்). என் கதை இதைவிட மோசம். எம்ஜிபியின் ஹெட் இரும்பு, வளையவில்லை, வால்வுகளுக்கு நடுவே விரிசல் விட்டுவிட்டது. வேறு ஹெட் இங்கிலாந்திலிருந்து வந்து சேர ஒன்பது வாரம். அருவிக் கடையில் ஒரு தே குடித்திருந்தால் இது எதுவும் இல்லை.

சரி, ஊசி ஏறினால் என்ன செய்வது? முக்கால் தாண்டும்போதே இடம் பார்த்து ஒதுங்குங்கள், சிவப்புக்காகக் காத்திருக்காதீர்கள். ஹீட்டர் இருக்கும் கார் என்றால் முழுச் சூட்டில் திறந்துவிடுங்கள், அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். நம் ஊரில் எதற்கு ஹீட்டர் என்று பலரும் குழாயை அடைத்துவைத்திருக்கிறார்கள், முடிந்தால் திரும்ப மாட்டுங்கள். நின்ற பிறகு ஆவி வரவில்லை, தண்ணீரும் இருக்கிறது என்றால் எஞ்சினை உடனே நிறுத்தாமல் சற்று வேகமான ஐட்லிங்கில் ஓடவிடுங்கள், தண்ணீர் சுற்றிவந்து சூட்டை இறக்கும். ஆவி வந்தாலோ ஊசி சட்டென்று விழுந்தாலோ அந்த நொடியே சாவியைத் திருப்பி நிறுத்துங்கள்.

அப்புறம் மூடி. ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்லை, உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைக்கிறது. 0.9 பார் மூடி நன்றாக இருந்தால் தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காது. அதைத் திறந்தால் அழுத்தம் போய்விடும், 100-க்கு மேல் இருக்கும் தண்ணீர் சட்டென்று பொங்கிக் கொதித்து, வெந்நீரும் ஆவியுமாக முகத்தில் அடிக்கும். தானா ராத்தா உயரத்தில் திறந்த தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குறைந்தது முக்கால் மணி நேரம் காத்திருந்து, தடித்த துணியைப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். அருவித் தண்ணீரை வாளியில் பிடித்துவந்து சூடான எஞ்சினில் கொட்டுகிறவர்களை நான் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். வளையாத ஹெட்டும் அதில் விரிசல் விடும்.

தேர்மோஸ்டாட்டை (தண்ணீர் சூடான பிறகே ரேடியேட்டருக்கு வழி விடும் வால்வு) கழற்றிப் போட்டால் சூடாகாது என்று சில ஃபோர்மென்கள் சொல்வார்கள். எல்லா எஞ்சினுக்கும் அது பொருந்தாது. சிலவற்றில் அதைக் கழற்றினால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பக்கவழியில் சுற்றும், இன்னும் சூடாகும். மலைக்குப் போகும் முன் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவிக் கொண்டுவாருங்கள். பெயின்டுக்கு மெருகேற்றச் செலவழிக்கிற காசில் கால் பங்கு கூட ஆகாது.

வரிசையை நடத்துகிறவர்களின் தவறு

மெதுவான கார் பின்னால் என்பதை மாற்றுங்கள். வழிகாட்டும் கார் முதலில், சந்தேகமான கார் இரண்டாவதாக. அதன் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். பன்னிரண்டு கார் என்றால் நான்கு நான்காகப் பிரித்து, ஐந்து பத்து நிமிடம் விட்டு அனுப்புங்கள். ஊர்க்காரர்களும் முந்திப் போக வழி கிடைக்கும்.

ஒவ்வொருவரும் தன் பின்னால் வரும் காருக்குப் பொறுப்பு. சந்திப்பில் அது கண்ணில் படும்வரை திரும்பக் கூடாது. யாராவது ஒதுங்கினால் அடுத்த கார் மட்டும் கூட நிற்கட்டும், மற்றவர்கள் பேசிவைத்த இடத்தில் போய்க் காத்திருக்கட்டும். வளைவில் பன்னிரண்டு காரும் நின்று எட்டிப் பார்த்தால் இறங்கி வருகிற காய்கறி லோரிக்கு எங்கே இடம்? முக்கோண எச்சரிக்கைப் பலகையை வளைவுக்கு முன்னாலேயே வையுங்கள்.

பேசிவைத்த இடத்தில், நேரமாகிவிட்டாலும், நில்லுங்கள். போன மாதம் நாங்கள் நிற்கவில்லை.

ஜம்பர் ஒயர்

பேட்டரி செத்த காருக்கு இன்னொரு காரிலிருந்து ஒயர் போடும்போது கவனம். 1967-க்கு முந்தைய எம்ஜிபிக்களில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியோடு இணைந்திருக்கும், இப்போதைய கார்களில் நெகட்டிவ். தெரியாமல் உதவிக்கு வராதீர்கள். இரண்டு காரின் பாடியும் ஒன்றையொன்று தொடவே கூடாது.

இறக்கம்

ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வராதீர்கள், அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு விடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிக்காமல் குறைந்தது 230 டிகிரி தாங்கும், ஈரம் ஏறிவிட்டால் 155 வரை இறங்கலாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் வருடக்கணக்காக மூலையில் நிற்கிற காரில் அது எந்த நிலையில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆயில் கொதித்தால் மிதி தரையைத் தொடும், கார் நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

தோட்டச் சாலை

வீடு திரும்பும் கடைசிப் பத்துக் கிலோமீட்டரில்தான் பலர் அடிவாங்குகிறார்கள். செம்பனை லோரியிலிருந்து விழுந்த குலை ஒன்று நடுச் சாலையில் கிடந்தால் தாழ்ந்த காரின் ஆயில் தொட்டிக்கு அதுவே போதும். உதிரிப் பழம் நசுங்கிய இடம் மழையில் வழுக்கும். இருட்டும் முன் வந்துசேருங்கள்.

செலிக்கா ஏழு வாரம் கழித்துப் போன சனிக்கிழமை பட்டறையை விட்டு வெளியே வந்தது. ரேடியேட்டரில் புது கோர், புது மூடி. பழைய ஹீட்டர் ஒன்றையும் அந்தத் தம்பி எங்கிருந்தோ தேடிப் பிடித்து மாட்டியிருக்கிறார். அடுத்த பயணத்தில் அவர் இரண்டாவது கார், நான் கடைசிக் கார். பின்பக்கம் ஐந்து லிட்டர் தண்ணீர் இரண்டு கலன், ஃபேன் பெல்ட், ரப்பர் குழாய்கள், கிளிப், பழைய கண்டென்சர் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. லாத்தா இஸ்கண்டாரில் அரை மணி நேரம் நிற்கிறோம்.