ஆர்ஓஎச்சி ஹெடர் சுருக்கம்: எந்த ஃபீட்பேக் யாருக்கு?

ஐபிவி4, யுடிபி, ஆர்டிபி ஆகிய மூன்று இணைய நெறிமுறைகளும் சேர்ந்த 40 பைட் ஹெடரை (பாக்கெட்டின் தலைப்பகுதியை) ஆர்ஓஎச்சி (ROHC) என்ற சுருக்க முறை ஒரே பைட் வரை சுருக்கும் என்பதை முன்பே அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதை வரையறுத்து 2001இல் வந்த ஆர்எஃப்சி 3095 என்ற இணையத் தர ஆவணத்தைப் படித்து நிரல் எழுதியபோது என்னைத் தடுக்கியவை அதன் சொற்களே. அவற்றைத் தெளிவுபடுத்தவே 2004இல் ஆர்எஃப்சி 3759 தனியாக வெளிவந்தது. நீங்கள் அதிலிருந்து தொடங்குவது நல்லது.

முதலில் ஒரு தாளில் அ, ஆ என்று இரு முனைகளை வரைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு சுருக்கியையும் ஒரு விரிப்பியையும் குறியுங்கள். (இதற்கு மென்பொருள் எதுவும் வேண்டாம், பென்சில் போதும்.) ஒவ்வொரு சுருக்கியிலிருந்தும் எதிர்முனை விரிப்பிக்கு ஓர் அம்பு வரையுங்கள். ஒவ்வோர் அம்பும் ஒரு சேனல். சேனல் என்பது ஒருவழிப் பாதை.

அடுத்து, அம்புகளின் மீது சிஐடி எண்களை, அதாவது அந்தச் சேனலில் செல்லும் ஒவ்வொரு தரவு ஓட்டத்தின் அடையாள எண்ணை, எழுதுங்கள். ஒரு சேனலின் சிஐடி 3க்கும் எதிர்ச்சேனலின் சிஐடி 3க்கும் எந்த உறவும் இல்லை.

மூன்றாவது படி ஃபீட்பேக், அதாவது சரியாக விரிந்ததா, பழுதானதா என்று விரிப்பி சுருக்கிக்குத் தெரிவிக்கும் செய்தி. ஆ முனையின் விரிப்பி அ முனையின் சுருக்கிக்கு அனுப்பும் ஃபீட்பேக், பெரும்பாலும் ஆ முனையிலிருந்து அ முனைக்குச் செல்லும் பாக்கெட்டுகளோடு தொற்றிக்கொண்டே போகிறது. அங்கே அதைக் கையில் வாங்குவது அ முனையின் விரிப்பி. ஆனால் அந்த ஃபீட்பேக் அந்த விரிப்பிக்குரியதன்று. 11110 என்று தொடங்கும் வகை பைட்டையும், இருந்தால் அளவு பைட்டையும் நீக்கிவிட்டு, எஞ்சியதைத் தன் பக்கத்துச் சுருக்கியிடம் ஒப்படைப்பதே அதன் வேலை. அதிலுள்ள சிஐடி, அது பயணம் செய்த சேனலுக்கு உரியதன்று, எதிர்ச்சேனலுக்கு உரியது.

நான் பயன்படுத்திய திறமூல நூலகத்தில், வந்த ஃபீட்பேக்கிற்கும் அனுப்ப வேண்டிய ஃபீட்பேக்கிற்கும் தனித்தனி பஃபர்கள் (தற்காலிகச் சேமிப்பிடங்கள்) உண்டு. அவற்றை நான் மாற்றிக் கொடுத்துவிட்டேன். இரு திசையிலும் சிஐடி 0 மட்டுமே இருந்ததால், தனக்கு வராத புகாரையும் சுருக்கி ஐயமின்றி ஏற்றுக்கொண்டது; பழுதான திசை அப்படியே கிடக்க, நலமாக இருந்த திசை புதுப்பிப்புப் பாக்கெட்டுகளை அனுப்பிக்கொண்டிருந்தது. ஆகவே சோதிக்கும்போது ஒரு திசையில் மட்டும் கூடுதலாகச் சில ஓட்டங்களைத் திறந்து, எண்கள் பொருந்தாதபடி செய்துவிட்டு, சில பாக்கெட்டுகளை வேண்டுமென்றே தொலையுங்கள். பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் கருவியை அதன் பிறகு திறந்தால் போதும். பஃபர்களுக்கு ‘எதிர்முனைக்கு’, ‘என் சுருக்கிக்கு’ என்று பொருள்படும் பெயர்களை வைப்பதே என் விருப்பம்.

பின்சேர்க்கை: ஒவ்வோர் ஓட்டத்திற்கும் தனிச் சுருக்கி வேண்டுமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வேண்டாம், ஒரே சுருக்கி பல கான்டெக்ஸ்டுகளை (ஓட்டத்துக்கு ஒன்றாக அது நினைவில் வைக்கும் நிலைத் தகவல்களை) வைத்திருக்கும், அவற்றைப் பிரித்தறியவே சிஐடி. ஆனால் மேக்ஸ் சிஐடி என்பது பயன்படுத்தக்கூடிய மிகப் பெரிய சிஐடி எண்ணே தவிர எண்ணிக்கை அன்று: அது 15 என்றால், எண்கள் 0இல் தொடங்குவதால் கான்டெக்ஸ்டுகள் 16.