கோட்ஃபிரீட் செம்பரைப் பற்றிப் படிக்கும்போதும் எழுதும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானியக் கட்டடக் கலைஞர்களுள் கோட்ஃபிரீட் செம்பரைப் போல (1803–1879) கட்டியும் எழுதியும் ஒருசேரத் தடம் பதித்தவர்கள் மிகச் சிலரே. ஆயினும் அவரைப் பற்றிய அறிமுகக் கட்டுரைகளில் சில பிழைகள் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகின்றன. கட்டடக்கலை மாணவர்களும், அவருடைய கட்டடங்கள் நிற்கும் டிரெஸ்டனுக்கோ வியன்னாவுக்கோ செல்லுமுன் அவரை அறிந்துகொள்ள விரும்புவோரும் இவற்றை முதலிலேயே களைந்துகொள்வது நல்லது.

முதற்பிழை, வரலாற்றுப் பாணிகளைக் கையாண்டவர் என்பதாலேயே அவரைப் பழங்கட்டடங்களைப் படியெடுத்தவர் என்று கருதிவிடுவது. 1834இல் டிரெஸ்டன் கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பொறுப்பேற்ற அவர், 1840இல் முடிந்த யூதர் தொழுகைக்கூடத்திற்கு வெளிப்புறத்தில் ரோமனெஸ்க் என்னும் இடைக்கால ஐரோப்பியப் பாணியையும் உட்புறத்தில் மூரிஷ் (ஸ்பெயின், வட ஆப்பிரிக்க இஸ்லாமியக் கலை சார்ந்த) அலங்காரத்தையும் தேர்ந்தார். அரசவை நாடக அரங்கிற்கும் ஓவியக் காட்சியகத்திற்கும் இத்தாலிய மறுமலர்ச்சிக் காலப் பாணியை எடுத்தார். கட்டடத்தின் பயனும், அது நிற்கும் இடமும், பார்ப்பவர் மனத்தில் அது எழுப்ப வேண்டிய நினைவும் கூடித்தான் பாணியை முடிவு செய்தன. அந்த நாடக அரங்கின் முன்புறத்தை அவர் வளைவாக எழுப்பியதால், உள்ளே பார்வையாளர்கள் அரைவட்டமாக அமர்ந்திருப்பது வெளியே நிற்பவருக்கும் புலப்பட்டது. பண்டைய அரங்குகளை ஆராய்ந்து பெற்ற அறிவு இங்கே ஒரு புதிய வடிவத்தைத் தந்தது. இதைப் படியெடுத்தல் என்பது பொருந்தாது. அந்தத் தொழுகைக்கூடம் 1938 நவம்பரில் நாஜிகளால் எரிக்கப்பட்டது என்பதையும், இன்று அவ்விடத்தருகே இருப்பது 2001இல் திறக்கப்பட்ட வேறொரு கட்டடம் என்பதையும் எழுதுவோர் மறந்துவிடலாகாது.

இரண்டாவது பிழைதான் மிகப் பரவலானது. டிரெஸ்டனில் இன்று ‘செம்பர் ஓப்பரா’ என்று வழங்கும் அரங்கை 1841இல் அவர் கட்டியது என்று எழுதிவிடுகிறார்கள். 1841இல் திறக்கப்பட்ட முதல் அரங்கு, அதாவது மேலே சொன்ன அரசவை நாடக அரங்கு, 1869 செப்டம்பரில் தீக்கிரையாயிற்று. இரண்டாம் அரங்கின் வடிவமைப்பும் செம்பருடையதே. எனினும் தளத்தில் இருந்து கட்டுமானத்தை நடத்தியவர் அவருடைய மகன் மன்ஃபிரெட். அது 1878இல் திறக்கப்பட்டு, 1945 பிப்ரவரி 13ஆம் நாள் இரவு தொடங்கிய குண்டுவீச்சில் அழிந்து, சரியாக நாற்பது ஆண்டுகள் கழித்து, 1985 பிப்ரவரி 13 அன்று மீண்டும் திறக்கப்பட்டது. ஆகவே ஜெர்மானிய இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னரின் ‘டான்ஹொய்ஸர்’ என்ற ஓப்பரா 1845இல் முதன்முதலாக அரங்கேறியது இந்தக் கட்டடத்தில் என்று சொல்வது தவறு. அது எரிந்துபோன முதல் அரங்கில் நடந்தது. முதல் அரங்கின் வளைந்த முகப்பைப் பற்றி எழுதிவிட்டு, பக்கத்தில் இன்றைய கட்டடத்தின் படத்தை வைப்பதும் அதே வகைப் பிழையே. இரண்டாவது கட்டடம் ஓவியக் காட்சியகத்திலிருந்து சற்றுப் பின்தள்ளி எழுப்பப்பட்டது.

இந்த அரங்கினுள் நுழைவோர் இன்னொரு தவறும் செய்வதுண்டு. முன்கூடத்துத் தூண்களைத் தொட்டுப் பார்த்து, அவை பளிங்கு அல்ல, வண்ணம் கலந்து மெருகேற்றிய சுதை என்று அறிந்ததும், மரப்பலகை போலத் தெரியும் சுவர்ப் பகுதிகளும் தீட்டிய பூச்சே என்று வழிகாட்டி சொன்னதும், ஏமாற்று வேலை என்று முகம் சுளிக்கிறார்கள். செம்பரின் சிந்தனையின் மையத்தையே இவ்விடத்தில் தவறவிடுகிறார்கள். இளமையில் இத்தாலியிலும் கிரேக்கத்திலும் பழஞ்சின்னங்களில் எஞ்சியிருந்த வண்ணத் தடயங்களைத் தேடிச் சென்ற அவர், கிரேக்கக் கோயில்கள் வெண்ணிறமாகவே நின்றன என்ற அன்றைய நம்பிக்கையை மறுத்து 1834இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். மேற்பரப்பு என்பது சுவருக்கு உடுத்தும் ஆடை, கட்டடத்தின் அர்த்தத்தை உணர்த்துவது அதுவே என்பது அவர் கொள்கை. சுவிட்சர்லாந்தில் அவர் வடிவமைத்த சூரிச் பாலிடெக்னிக் கல்லூரியின் வடக்கு முகப்பில் இதைத் தெளிவாகக் காணலாம். கருஞ்சாந்தின் மேல் வெளிர்ச்சாந்து பூசி, ஈரம் உலருமுன் மேல்பூச்சைச் சுரண்டி எடுத்துக் கோடுகளை வெளிக்கொணரும் ஸ்க்ராஃபிட்டோ முறையில், கல்லில் செதுக்கும் செலவின்றி, ஒரு முழுச் சுவரையும் உருவங்களாலும் பெயர்களாலும் அவர் போர்த்தினார். அதே கட்டடத்தின் குவிமாடத்தை அவர் பெயரில் எழுதுவது மட்டும் கூடாது. அது குஸ்டாவ் குல் என்பவர் இருபதாம் நூற்றாண்டில் சேர்த்தது.

மூன்றாவதாக, நாடுகடந்து வாழ்ந்த காலத்தை வெற்றிடமாகக் கடந்து செல்வது. 1849 மே மாதத்தில் டிரெஸ்டனில் எழுந்த கிளர்ச்சியில், அரசின் ஊதியம் பெறும் பேராசிரியராக இருந்தும், குடியரசுவாதிகளின் பக்கம் நின்று தடுப்பரண்களை வலுப்படுத்த உதவினார். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டதும் பிடியாணைக்குத் தப்பி வெளியேறினார். ஓவியக் காட்சியகத்தைப் பிறர் முடித்து 1855இல் திறந்தார்கள். அந்த ஆணை நீங்க 1863 ஆயிற்று. ஆனால் லண்டனில் வறுமையோடு கழிந்த அந்த ஆண்டுகளில்தான் அவருடைய கோட்பாடு முற்றியது என்பது என் கருத்து. 1851ஆம் ஆண்டு லண்டனில் நடந்த மாபெரும் பன்னாட்டுப் பொருட்காட்சியில் கனடா, துருக்கி, சுவீடன், டென்மார்க் ஆகியவற்றின் பகுதிகளை அவர் ஒழுங்கமைத்தார். அங்கே கண்ட, கரீபியத் தீவான டிரினிடாடின் குடிசையிலிருந்துதான் ‘கட்டடக்கலையின் நான்கு அடிப்படைக் கூறுகள்’ என்ற அவருடைய நூல் பிறந்தது என்று பலர் எழுதுகிறார்கள். வரிசை நேர்மாறானது. கருத்தை அவர் முன்னரே எழுதிவிட்டார். குடிசை அதற்குச் சான்றாக வாய்த்தது.

அந்த நான்கையும் வீட்டின் உறுப்புப் பட்டியலாகப் படிப்பது அடுத்த பிழை. அடுப்பு, மேடை, கூரை, சுற்றடைப்பு என்று அவர் குறித்தவை மனிதனின் நான்கு நோக்கங்கள். அவை ஒவ்வொன்றும் ஒரு கைத்தொழிலோடு பிணைந்தவை. அடுப்பைச் சுற்றி மண்பாண்டக் கலையும், மேடையிலிருந்து கல்வேலையும், கூரையிலிருந்து தச்சும், சுற்றடைப்பிலிருந்து முடைதலும் நெசவும் வளர்ந்தன என்றார். இடத்தை முதலில் வகுத்தது முடைந்த பாயும் தொங்கவிட்ட துணியுமே, கனத்த சுவர் அதைத் தாங்கப் பின்னர் வந்தது என்ற கூற்று அக்காலத்தில் பெரும் துணிச்சல். இதை வைத்து, கட்டுமானப் பொருளும் கருவியுமே வடிவத்தைத் தீர்மானிக்கின்றன என்று சொன்ன பொருள்முதல்வாதி என அவருக்கு முத்திரை குத்துவதும் சரியன்று. கலை வரலாற்றாசிரியர் அலோயிஸ் ரீகல்கூட அந்தக் குற்றச்சாட்டைச் செம்பரைப் பின்பற்றியவர்கள் மீதுதான் முதன்மையாகச் சுமத்தினார். ஒரு பொருளில் பிறந்த வடிவம் வேறொரு பொருளுக்கு மாறிய பின்னும் தன் பழைய அடையாளத்தைச் சுமந்து நிற்கிறது என்று வலியுறுத்தியவரை, பொருளுக்கு அடிமைப்பட்டவர் என்று எப்படிச் சொல்வது?

வியன்னாவைப் பொறுத்தவரை, கலை வரலாற்று அருங்காட்சியகத்தையும் பர்க் நாடக அரங்கையும் செம்பர் ஒருவருக்கே உரியவையாக எழுதக் கூடாது. ஆஸ்திரியப் பேரரசரின் அழைப்பின்பேரில் அவர் வகுத்த, அரண்மனையையும் அருங்காட்சியகங்களையும் இணைக்கும் மன்ற வளாகத் திட்டம், வியன்னாக் கட்டடக் கலைஞர் கார்ல் ஃபொன் ஹாஸெனாவருடன் இணைந்து நடந்தது. இருவருக்கும் பிணக்கு முற்றி, 1870களின் நடுப்பகுதியில் செம்பர் விலகிவிட்டார். நாடக அரங்கு 1888இலும் அருங்காட்சியகம் 1891இலும் திறக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. வாக்னருக்காக மியூனிக்கில் அவர் வரைந்த அரங்கும் கட்டப்படவில்லை. அதன் கருத்துகள் பலவற்றை ஏற்ற, வாக்னரின் ஓப்பராக்களுக்கான பைராய்ட் அரங்கைக் கட்டியவர் ஓட்டோ ப்ரூக்வால்ட்.

‘பாணி’ என்னும் அவருடைய பெருநூலை முழுமையான படைப்பாக மேற்கோள் காட்டுவோரும் உண்டு. 1860இல் வந்த முதல் தொகுதி முழுவதும் நெசவுக்கலையைப் பற்றியது; 1863இல் வந்த இரண்டாவது மட்பாண்டம், தச்சு, கல்வேலை, உலோகம் ஆகியவற்றைப் பற்றியது. கட்டடக்கலைக்கென ஒதுக்கிய மூன்றாம் தொகுதி வெளிவரவே இல்லை. ஆகவே கட்டடக்கலை பற்றிய அவருடைய முடிந்த முடிவு என்று அந்நூலிலிருந்து எதையேனும் எடுத்துக்காட்டுமுன், அது எந்தத் தொகுதியில், எந்தக் கைத்தொழிலைக் குறித்துச் சொல்லப்பட்டது என்று சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.