கதையில் முறைக் கல்யாணம்: மத ஆட்சேபத்துக்கு இடம் தராமல் எழுத

மாமன் மகளைக் கட்டும் காட்சி வந்தால் ‘எங்கள் மதத்தில் இது கிடையாது’ என்று வாசகர் கோபப்படுவது சகஜம். பாதிக் கோபம் நியாயமானது. அந்தக் குடும்பம் எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்று விசாரிக்காமல் எழுதிவிடுகிறோம்.

முதலில் தாத்தா பாட்டியிலிருந்து வம்சாவளி வரைந்துகொள்ளுங்கள். கத்தோலிக்கக் குடும்பம் என்றால் உறவு எத்தனையாம் படி, அதாவது எவ்வளவு நெருக்கம், என்று எண்ண வேண்டும். பெண், அவள் அப்பா, மாப்பிள்ளையின் அம்மா, மாப்பிள்ளை: பொது மூதாதையரை விட்டுவிட்டு நாலு பேர், எனவே நான்காம் படி. 1983 திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1091ஆம் பிரிவு அதுவரைக்கும் தடை போடுகிறது. மாமன் மகளோ சித்தப்பா மகளோ, சட்டத்துக்கு ஒன்றுதான். தாய்மாமனும் அக்கா மகளும் மூன்றாம் படி. இவற்றுக்கு ஆயர் (பிஷப்) விதிவிலக்கு தரலாம். உடன்பிறந்தவர்களுக்கு ஒருக்காலும் கிடையாது.

பலர் சறுக்குவது சாமியாரின் வசனத்தில். ‘பைபிளே தடுக்குது’ என்று அவரைச் சொல்லவைக்காதீர்கள். லேவியராகமம் 18இல் உள்ள பட்டியலில் மாமன் மகள் இல்லை. ஆதியாகமம் 29இல் யாக்கோபு கட்டியதே தாய்மாமன் லாபானின் பெண்களைத்தான். ‘ரெண்டு பேரும் என்ன உறவு? ஆயர் இல்லத்துக்கு எழுதணும், அனுமதி வந்தப்புறம் தேதி குறிப்போம்’ என்று அவர் கேட்டால் போதும். விதிவிலக்கு வாங்காமல் நடந்த திருமணம் செல்லாது. கோயிலில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்கும்போது மறைத்த உறவு வெளியே வருவதாக வைத்தால் காட்சி வலுவாக நிற்கும்.

இஸ்லாமியக் குடும்பத்தில் ஹஜ்ரத் இந்த உறவைத் தடுப்பதாக எழுதினால் பிழை. குர்ஆன் 4:23 விலக்கும் உறவுகளில் மாமன் மகளும் இல்லை, சித்தப்பா மகளும் இல்லை. ஒரே பெண்ணிடம் பால் குடித்து வளர்ந்தவர்கள் என்றால் மட்டும் ஆகாது. ‘தங்கச்சி முறைடா’ என்று வீட்டார் மறுத்தால் அதை ஊர் வழக்கமாகவே காட்டுங்கள், மார்க்கத்தின் தலையில் கட்டாதீர்கள்.

1955 இந்து திருமணச் சட்டம் நெருங்கிய உறவில் மணப்பதைத் தடுத்தாலும் வழக்கம் இருக்கிற சமூகத்துக்கு விலக்கு தருகிறது. மாமன் மகள், அத்தை மகள் மணத்தைப் பழைய தர்ம நூலான போதாயன தர்மசூத்திரமே தெற்கத்தி வழக்கமாகக் குறிப்பிடுகிறது. அந்த வழக்கம் இல்லாத வடநாட்டுக் குடும்பத்தில் இதே காட்சியைத் தூக்கி வைத்தால் அண்ணன் தங்கை உறவையே கொச்சைப்படுத்தியதாகத்தான் படும்.

மறுக்கும் பாட்டியைக் கோமாளியாக்காதீர்கள். அவளுடைய நம்பிக்கை முழுதாக வெளிவர நாலு வரியாவது கொடுங்கள், அதற்குப் பிறகு மற்றவர்கள் பதில் பேசட்டும்.