வலி மாத்திரையா? அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

மூட்டுவலிக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று என்று சேர்த்து விழுங்கும் முன் இரண்டு அட்டைகளின் பின்பக்கத்தையும் படியுங்கள். அசிக்ளோஃபெனாக் 100 மி.கி. வலி மாத்திரையில் பல நேரம் பாராசிட்டமால் 325 மி.கி.யும் கலந்திருக்கும். கூடவே 650 மி.கி. பாராசிட்டமால் உள்ள காய்ச்சல் மாத்திரையும் போட்டால் ஒரே வேளையில் 975 மி.கி. பாராசிட்டமால் உள்ளே போய்விடும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு பாராசிட்டமாலின் உச்ச அளவு 4,000 மி.கி. குடிப்பழக்கம், கல்லீரல் கோளாறு, எடைக்குறைவு உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவு. மருத்துவரைக் கேட்டே போட வேண்டும். அளவு மீறினால் கல்லீரல் கெடும். முதல் நாள் பெரிதாக எதுவும் தெரியாது, அதனால்தான் பலர் தாமதமாக வருகிறார்கள்.

இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் எல்லாம் ஒரே இன வலி மாத்திரைகள். இரண்டைச் சேர்த்தால் வலி அதிகம் குறையாது, வயிற்றுப்புண் அபாயம்தான் கூடும். சாப்பிட்ட பிறகு போட்டால் எரிச்சல் குறையலாம்; ஆனால் மருந்து ரத்தத்தில் கலந்தும் இரைப்பையின் பாதுகாப்புப் படலத்தைக் குறைப்பதால் ஊசியாகப் போட்டாலும் புண் வரலாம். மலம் தார் போலக் கறுத்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். (இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும், அதையும் சொல்லுங்கள்.)

டெல்மிசார்ட்டன் போன்ற பிரஷர் மாத்திரையோடு நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுபவர்களுக்கு இந்த இன வலி மாத்திரைகள் சிறுநீரகத்தையே பாதிக்கலாம். கூடவே தரும் அமிலம் குறைக்கும் மாத்திரையான பான்டோப்ரசோல் வயிற்றைத்தான் காக்கும், சிறுநீரகத்தை அல்ல. டெங்கு சந்தேகம் இருந்தால் பாராசிட்டமால் மட்டும். மேலே சொன்ன மற்ற வலி மாத்திரைகள் ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும்.