எஸ்பிரெசோ மெஷின் சூடாகவில்லையா? முதலில் இதைப் பாருங்கள்

மெஷின் சூடாகவில்லை என்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது: சுத்தமாகச் சூடே இல்லையா, இல்லை சூடு போதவில்லையா? இரண்டும் வேறு வேறு வியாதி. இரண்டாவதற்குப் பெரும்பாலும் ஸ்க்ரூடிரைவரே வேண்டியிருக்காது.

இங்கே சொல்வதெல்லாம் காஜியா கிளாசிக் போல ஒற்றை பாய்லரும் (தண்ணீர் சூடாகும் சின்னத் தொட்டி) தெர்மோஸ்டாட்டும் (சூடு போதுமானதும் ஹீட்டரை அணைக்கும் சுவிட்ச்) உள்ள சாதாரண மெஷினுக்கு. சென்சார், எலெக்ட்ரானிக் போர்டு வைத்தவை வேறு கதை.

சூடு போதவில்லையா? ரெடி விளக்கு எரிந்ததும் காபி போட்டுவிடாதீர்கள். அந்த விளக்கு பாய்லரின் சூட்டை மட்டும்தான் காட்டும், குரூப் ஹெட்டும் (தண்ணீர் இறங்கும் தலைப்பகுதி) போர்ட்டாஃபில்டரும் (தூள் போட்டு மாட்டும் கைப்பிடி) கனமான உலோகம் என்பதால் அப்போதும் ஆறித்தான் கிடக்கும். போர்ட்டாஃபில்டரை மாட்டியபடி 15, 20 நிமிடம் விட்டு, தூள் போடாமல் ஒரு கப் வெந்நீரை ஓடவிட்டு, அப்புறம் போட்டுப் பாருங்கள். எஸ்பிரெசோவுக்குத் தண்ணீர் 90 முதல் 96 டிகிரி வேண்டும். கப்பில் அளந்தால் கொஞ்சம் குறைத்துதான் காட்டும், பயப்பட வேண்டாம்.

அடுத்து கரன்ட். 230 வோல்ட்டில் 1400 வாட் இழுக்கும் ஹீட்டர், 180 வோல்ட்டில் சுமார் 860 வாட்தான் தரும். மெலிசான எக்ஸ்டென்ஷன் வயரைத் தூக்கிப் போட்டுவிட்டு நேராகப் பெரிய பிளக்கில் மாட்டுங்கள். சூடேற ரொம்ப நேரமாகி, தண்ணீரும் நூலாக வருகிறதென்றால் உள்ளே உப்பு படிந்திருக்கும். போர் தண்ணீர் ஊற்றுகிற வீடுகளில் இது சகஜம், மெஷினோடு வந்த புத்தகத்தில் சொன்னபடி டீஸ்கேலிங் (படிந்த உப்பைக் கரைத்து எடுப்பது) செய்தாலே சரியாகிவிடும்.

சரி, பம்ப் ஓடுகிறது, பவர் விளக்கும் எரிகிறது, ஆனால் பாய்லர் ஜில்லென்றே இருக்கிறது. ஹீட்டருக்குப் போகும் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கி, நன்றாக ஆறவிட்டு மேல்மூடியைக் கழற்றுங்கள். எந்த வயரையும் தொடுவதற்கு முன் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மல்டிமீட்டர். ஹீட்டரின் இரண்டு முனையிலும் வயரைக் கழற்றிவிட்டு ஓம்ஸ் பாருங்கள். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் வரவேண்டிய அளவு கிடைத்துவிடும்: 1400 வாட்டுக்குச் சுமார் 38 ஓம்ஸ். எதுவுமே காட்டாவிட்டால் ஹீட்டர் போச்சு. முனைக்கும் பாய்லர் உடம்புக்கும் நடுவில் வைத்துப் பார்க்கும்போது மட்டும் எதுவும் காட்டக்கூடாது, காட்டினால் கரன்ட் கசிகிறது, மெஷின் போட்டதும் டிரிப் ஆவதற்கு அதுதான் காரணம்.

அடுத்து மீட்டரை கன்டினியூட்டிக்கு (வழி அறுபடாமல் இருந்தால் பீப் அடிக்கும் நிலை) மாற்றி, வயரைக் கழற்றிவிட்டு தெர்மோஸ்டாட்டின் இரு முனையிலும் வையுங்கள். ஆறியிருக்கும்போது பீப் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் மாற்றுங்கள்.

தெர்மல் ஃபியூஸ்தான் (சூடு அளவு மீறினால் அறுந்து கரன்ட்டை நிறுத்துவது) அடிக்கடி சாகும் ஆள். பாய்லரை ஒட்டி, ஸ்லீவுக்குள் ஒளிந்திருக்கும். பீப் இல்லையென்றால் போய்விட்டது, ஒருமுறை போனால் திரும்ப வராது. அதை எடுத்துவிட்டு வயரை நேராக முறுக்கிவிடும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். தீப்பிடிக்காமல் காப்பதே அதுதான். புதியதை அதே டிகிரியில் வாங்கி, சால்டரிங் வைக்காமல் கிரிம்ப் செய்யுங்கள் (உலோகக் குழாய்த்துண்டில் வயரை நுழைத்து நசுக்கி இணைப்பது), சால்டரிங் சூட்டிலேயே புதுசும் போய்விடும்.

ஆனால் அது ஏன் போனது? ஒன்று, நெடுநேரம் ஸ்டீம் விட்டு பாய்லர் வற்றியிருக்கும். இல்லையென்றால் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு ஹீட்டரை அணைக்காமலே விட்டிருக்கும். இங்கேதான் மீட்டர் ஏமாற்றும்: ஒட்டிப்போனதும் பீப் அடிக்கும், நல்லதும் பீப் அடிக்கும். அதனால் ஃபியூஸ் மாற்றும்போது தெர்மோஸ்டாட்டையும் சேர்த்தே மாற்றிவிடுவது என் வழக்கம், விலையும் பெரிதாக இருக்காது.

எல்லாவற்றையும் போட்டோவைப் பார்த்து மாட்டி, மூடியைப் போட்டு, டாங்கை நிரப்புங்கள். பவர் போட்ட கையோடு பம்பை ஓட்டி, குரூப்பில் தண்ணீர் சீராக வரும்வரை விடுங்கள், காலி பாய்லர் சூடானால் புது ஃபியூஸும் போய்விடும். டிரிப் ஆனால் மறுபடி போட்டுப் பார்க்காமல் சர்வீஸுக்குக் கொடுத்துவிடுங்கள்.