சி டிரைவ் சிவப்பாகிவிட்டதா? அவசரப்பட்டு அழிக்காதீர்கள்

பெரியப்பா வீட்டு கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டுக் குளிக்கப் போனால், தலை துவட்டிக்கொண்டு வரும்போதுதான் டெஸ்க்டாப் முழுதாக வந்திருக்கும். போன வருஷம் என்னிடம் சரிபார்க்கச் சொன்னார். 100 ஜிபி சி டிரைவில் 2 ஜிபிகூட மீதியில்லை, பட்டை சிவப்பாக இருந்தது. பக்கத்திலேயே டி டிரைவ் முக்கால்வாசி காலி.

செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போனேன். வந்த பட்டியலில் எல்லாவற்றுக்கும் டிக் போட்டு நீக்கினேன். அந்தப் பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்றும் ஒரு வரி உண்டு. விண்டோஸ் தானாக அதை டிக் செய்வதில்லை, செய்தது நான்தான். மெயிலில் வந்து டவுன்லோட்ஸிலேயே கிடந்த வீட்டுப் பத்திர ஸ்கேன் போயே போய்விட்டது. இப்படி நீக்கினால் ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. “ஸ்பீடாச்சாப்பா?” என்று மட்டும் கேட்டார் பெரியப்பா. ஆகவில்லை.

ஏன் ஆகவில்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சி டிரைவ் நிரம்பி வழிந்தால் கம்ப்யூட்டர் திணறுவது உண்மை. ரேம் போதாதபோது விண்டோஸ் வட்டில் ‘பேஜ்ஃபைல்’ என்ற கோப்பை வைத்துச் சமாளிக்கும். அதற்கும் அப்டேட்டுகளுக்கும் இடம் வேண்டும். ஆனால் 20, 30 ஜிபி காலியான பிறகு மேலும் மேலும் அழித்து வேகம் கூட்ட முடியாது. ஓரிரு போட்டோக்களை அழித்துவிட்டு ‘இப்ப பரவாயில்லை’ என்பதெல்லாம் மனப்பிராந்தி.

ரன் பெட்டியில் ‘ப்ரீஃபெட்ச்’ என்று அடித்து உள்ளே இருப்பதையெல்லாம் அழிக்கச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். அடிக்கடி திறக்கும் மென்பொருள்களைச் சீக்கிரம் திறப்பதற்காக விண்டோஸ் எழுதி வைக்கும் குறிப்புகள் அவை. சில எம்பிதான் இருக்கும். அழித்தால் அடுத்த முறை திறக்கக் கூடுதல் நேரம்தான் ஆகும். தற்காலிகக் கோப்புகள் சேரும் ‘டெம்ப்’ ஃபோல்டரில் இருப்பதை அழிப்பதில் தப்பில்லை.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் போய் பெரிதாகத் தெரிவதைக் கையால் அழிப்பது இதைவிட மோசம். விண்டோஸ் தன் பாகங்களை வைத்திருக்கும் ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ ஃபோல்டர் பல ஜிபி காட்டும், கை துறுதுறுக்கும். தொடாதீர்கள், அதில் கை வைத்தால் கம்ப்யூட்டர் பூட் ஆகாமலே போகலாம். ‘விண்டோஸ் டாட் ஓல்டு’ வேறு ரகம். புதிய பதிப்புக்கு மாறியபின் மிஞ்சும் பழையது அது, பொதுவாக 10 நாளில் தானே போய்விடும். அவசரமென்றால் நான் சொன்ன அதே பட்டியலில் அதை மட்டும் டிக் செய்யலாம்.

புரோகிராம் ஃபைல்ஸில் இருப்பதை வெட்டி டி டிரைவில் ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒட்டிய மென்பொருள் பெரும்பாலும் திறக்காது. படம், வீடியோ, பாட்டு போன்றவற்றைத்தான் அப்படி நகர்த்த வேண்டும். மென்பொருள் வேண்டாமென்றால் அன்இன்ஸ்டால் செய்ய வேண்டும். அப்புறம் கோப்புகளை ஆன்லைனிலும் சேமிக்கும் ஒன்டிரைவ்: அதன் ஃபோல்டரில் அழித்தால் ஆன்லைனிலும் அழிந்துவிடும். இடம் மட்டும் வேண்டுமென்றால் ரைட் கிளிக் செய்து ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ கொடுங்கள். விண்டோஸின் அமைப்புக் குறிப்புகளைச் ‘சுத்தம்’ செய்வதாகச் சொல்லும் ரெஜிஸ்ட்ரி கிளீனர்கள் பற்றி ஒரே வரி: வேண்டாம்.

இத்தனையும் ஒழுங்காகச் செய்தும் ஆமை வேகமா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபாமன்ஸ் பகுதியில் டிஸ்க்கைப் பாருங்கள். பெரியப்பாவுடையதில் ‘ஹெச்டிடி’, அதாவது ஹார்டு டிஸ்க் என்று இருந்தது, சும்மா இருக்கும்போதே 100 சதவீதம் ஓடிக்கொண்டிருந்தது. ஹார்டு டிஸ்க்கில் சுழலும் தட்டுக்கு மேலே ஒரு முனை அங்குமிங்கும் போய்த்தான் படிக்க வேண்டும். ஒவ்வொரு தாவலுக்கும் சுமார் 10 மில்லிசெகண்ட். விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைப் படிக்கிறது, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே கிடையாது, அதனால் இந்தக் காத்திருப்பு அநேகமாக இல்லை. பழைய டெஸ்க்டாப்பிலும் ‘சாட்டா’ என்ற வழக்கமான இணைப்பில் மாட்டும் 2.5 அங்குல எஸ்எஸ்டி பொதுவாகப் பொருந்தும். என்னைக் கேட்டால், சுத்தம் செய்யச் செலவழிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளைவிட இது மலிவு.

எஸ்எஸ்டி போட்டபின் பழைய பழக்கத்தில் வெளி மென்பொருள் வைத்து டீஃபிராக் (சிதறிய கோப்புகளை ஒன்றுசேர்ப்பது) செய்யாதீர்கள். எஸ்எஸ்டிக்கு அதனால் பலனில்லை, தேய்மானம்தான். விண்டோஸின் ‘ஆப்டிமைஸ்’ அதற்கு வேண்டிய ‘டிரிம்’ வேலையை, அதாவது அழித்த இடங்களை எஸ்எஸ்டிக்குச் சொல்லிவைப்பதைத் தானே பார்த்துக்கொள்ளும்.

எஸ்எஸ்டி போட்டபோது கழற்றிய பெரியப்பாவின் பழைய ஹார்டு டிஸ்க்கை இன்னும் ஃபார்மேட் செய்யவில்லை. கடைக்காரர் உடனே அழித்துத் தரட்டுமா என்று கேட்டார். பத்திரக் கதைக்கு அப்புறம் அதற்கு நான் ஒப்புக்கொள்வேனா? உறை போட்டு அலமாரியில் வைத்திருக்கிறோம்.