கிரப் தேடும் பார்ட்டிஷன் எது?

பழைய மடிக்கணினியில் சும்மா கிடந்த ஒரு பார்ட்டிஷனை (வட்டைப் பிரித்த பகுதிகளில் ஒன்றை) அழித்தேன். மறுமுறை இயக்கியபோது கறுப்புத் திரையில் ‘அப்படியொரு பார்ட்டிஷன் இல்லை’ என்ற பிழைச்செய்தியும், கீழே ‘கிரப் ரெஸ்க்யூ>’ என்ற வரியும்தான் வந்தன. உபுண்டு இயங்குதளம் அழியவில்லை, அது இருந்த பார்ட்டிஷனின் எண்தான் மாறியிருந்தது. எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் அட்டவணை முறையில் உள்ள வட்டுகளில் லாஜிக்கல் பார்ட்டிஷன்கள் (ஒரு பெரிய பார்ட்டிஷனுக்குள் அமையும் உட்பிரிவுகள்) 5 முதல் எண்ணப்படும். ஐந்தாவதை அழித்ததும் ஆறாவது ஐந்தாகிவிட்டது. பூட் லோடரான (கணினி எழும்போது இயங்குதளத்தை ஏற்றும் நிரலான) கிரப்போ இன்னும் ஆறைத் தேடிக்கொண்டிருந்தது. (ஜிபிடி என்ற புதிய முறை வட்டில் இந்தத் தொல்லை இல்லை. ஒன்றை அழித்தாலும் மற்றவற்றின் எண் மாறாது.)

கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி எழுதுகிறேன். நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.

முதலில் ‘எல்எஸ்’. எனக்கு வந்தவை: (எச்டி0) (எச்டி0,எம்எஸ்டாஸ்5) (எச்டி0,எம்எஸ்டாஸ்1). கிரப் வட்டுகளை 0 முதலும் பார்ட்டிஷன்களை 1 முதலும் எண்ணும். ஏன் இந்த ஓரவஞ்சனை என்று கேட்காதீர்கள். பழைய கிரப்பில் இரண்டுமே 0 முதல்தான்.

அடுத்து ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள்: ‘எல்எஸ் (எச்டி0,எம்எஸ்டாஸ்5)’. கோப்பு முறைமை எக்ஸ்ட்2 என்று பதில் வரும். உங்களுடையது எக்ஸ்ட்4 ஆனாலும் கிரப் அதை எக்ஸ்ட்2 என்றுதான் அழைக்கும். விண்டோஸ் பார்ட்டிஷனுக்கு ‘தெரியாத கோப்பு முறைமை’ என்று வந்தால் பதற வேண்டாம். இந்த நிலையில் கிரப்பிடம் தன் வீட்டுக் கோப்பு முறைமையைப் படிக்கும் நிரல் மட்டுமே இருக்கும். அதே வரியின் கடைசியில் ஒரு சாய்கோடு சேர்த்தால் கோப்புறைகள் தெரியும். ‘பூட்’, ‘ஹோம்’ இரண்டும் கண்ணில் பட்டால் நீங்கள் தேடியது அதுதான்.

பிறகு மூன்று வரிகள்:

செட் பிரிஃபிக்ஸ்=(எச்டி0,எம்எஸ்டாஸ்5)/பூட்/கிரப்
இன்ஸ்மாட் நார்மல்
நார்மல்

வழக்கமான மெனு வந்துவிடும். ஆனால் இது இந்த ஒருமுறைக்கு மட்டும்தான்.

உபுண்டுவுக்குள் நுழைந்ததும் டெர்மினலில் ‘எல்எஸ்பிஎல்கே -எஃப்’ கொடுங்கள். பெயர், கோப்பு முறைமை, யூயூஐடி (அந்தக் கோப்பு முறைமைக்கே உரிய அடையாள எண்) எல்லாம் வரிசையாக வரும். எக்ஸ்ட்4-இன் யூயூஐடி 36 எழுத்து நீளம். ஃபேட் கோப்பு முறைமைக்கு நடுவே கோடு போட்ட 8 இலக்கம்தான். எண் மாறினாலும் யூயூஐடி மாறாது. என் உபுண்டு தடுமாறாமல் எழுந்ததற்கு அதுவே காரணம்.

இந்த எம்பிஆர் வட்டில் கிரப்பை மீண்டும் பதிக்க: ‘சுடோ கிரப்-இன்ஸ்டால் /டெவ்/எஸ்டிஏ’. எஸ்டிஏ5 என்று எண்ணையும் சேர்த்துவிடாதீர்கள். அது குடியேற வேண்டிய இடம் வட்டின் தொடக்கம். ‘நிறுவல் முடிந்தது, பிழை இல்லை’ என்ற பொருளில் செய்தி வந்த பிறகு ‘சுடோ அப்டேட்-கிரப்’ கொடுத்து மறுபடி இயக்குங்கள்.